நாய்க்கும் ஒரு படமா?



சென்ற மாரி காலத்தில், நடமாட முடியாத வயோதிப அம்மா ஒருவருக்கு நற்கருணை கொண்டு போயிருந்தேன். பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். கணவர் காலமாகிப் பல வருடங்கள். விறாந்தைச் சுவரில் அவருடைய படம், கண்ணாடிச் சட்டத்துள், சின்னச் சிவப்பு மின்குமிழோடு தொங்குகிறது. அதற்குக் கீழே புதிதாக அடித்த ஆணி ஒன்று. அதில் எதுவும் இல்லை. மேசையில் ஒரு படச்சட்டம் குப்புறக் கிடந்தது.

செபம் முடிந்த பின் அதைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நாயின் படம். செம்மண் நிறம், ஒரு காது மடிந்து, குசினி வாசற்படியில் தலையை வைத்துக் கிடக்கிறது. பேர் மணி. பதின்மூன்று வருடம் அந்த அம்மாவோடு இருந்து, முந்திய மாதம் இறந்துபோனது. விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை, சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறான். அம்மா ஆணியும் அடித்துவிட்டார். அதற்குள் அயல்வீட்டுப் பெண் வந்து, "மனிசன்ரை படத்துக்குக் கீழை நாயின்ரை படமோ? ஆக்கள் சிரிக்கப் போகினம்" என்று சொல்லியிருக்கிறார். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் படத்தைக் குப்புறக் கவிழ்த்தது அதனால்தான்.

"சுவாமி, இதிலை ஏதும் பாவம் இருக்கோ?" என்று கேட்டார்.

"பாவமில்லை அம்மா."

"அப்ப கொழுவட்டோ?"

முதற் கேள்விக்கு உடனே விடை வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை. பாவமில்லாத காரியங்கள் எல்லாம் தகுந்த காரியங்கள் ஆகிவிடுவதில்லையே. "யோசிச்சுச் சொல்லுறன் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். அந்த அம்மா இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்.

பழைய வழக்கம்

இது வெளிநாட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த புதுமோகம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியல்ல. எகிப்தில், கீசாவிலுள்ள கல்லறைகளிடையே, 1935ஆம் ஆண்டில் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அரசனுடைய காவல்நாய் ஒன்று இறந்தபோது, அதற்குப் பேழையும் மெல்லிய துணியும் நறுமணப் பொருட்களும் கொடுத்து அடக்கம் செய்யும்படி அரசன் கட்டளையிட்டதை அது சொல்கிறது. அந்த நாயின் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது.

எகிப்துக்குப் போவானேன்? தமிழகத்தில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது; ஏழாம் நூற்றாண்டினது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காத்துப் போரிட்டு மாண்டான். அவனுக்குப் பக்கத்தில், அதே கல்லில், அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு கூறுகிறது. விழுப்புரம் பகுதியிலுள்ள அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கே நடுகல் உண்டு. அது சண்டைச் சேவல். மனிதருக்கு நடும் கல்லில் நாய்க்கும் இடம் கொடுக்க நம் முன்னோர் வெட்கப்படவில்லை. அயலார் சிரிப்பார்கள் என்றும் அவர்கள் அஞ்சியதாகத் தெரியவில்லை.

ஜப்பானியரின் ஹச்சிக்கோவை உங்களிற் பலர் அறிவீர்கள். தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உவேனோவின் நாய். அவர் மாலையில் வந்திறங்கும் ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய்க் காத்திருக்கும் பழக்கம் அதற்கு இருந்தது. 1925 மே மாதத்தில் அவர் வேலைத்தலத்திலேயே திடீரென இறந்தார். நாய் அதன் பிறகும் அந்த நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது; 1935 மார்ச்சில் தான் இறக்கும் வரை வந்தது. அது உயிரோடு இருக்கும்போதே, 1934இல், அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். யுத்தகாலத்தில் அந்த வெண்கலத்தை உருக்கிவிட்டார்கள். யுத்தம் முடிந்ததும், பசியும் இடிபாடுமாகக் கிடந்த அந்த நாடு, 1948இல் அதே நாய்க்கு மீண்டும் சிலை வைத்தது. இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்திருங்கள். பின்னர் அதற்கு வருவேன்.

படம் என்பது என்ன?

இப்போது சற்று ஆழமாகப் போவோம். அரிஸ்டோட்டில் ஞாபகத்தைப் பற்றிச் சிறிய நூல் ஒன்று எழுதியிருக்கிறார். இப்போது இல்லாத ஒன்றை நாம் எப்படி நினைக்கிறோம் என்பதே அவருடைய கேள்வி. விடை சொல்ல, பலகையில் வரைந்த ஓர் உருவத்தை உவமையாக எடுக்கிறார். அதை வெறும் உருவமாகவும் பார்க்கலாம். இன்னொன்றின் சாயலாகவும் பார்க்கலாம். வெறும் உருவமாகப் பார்க்கும்போது அது சித்திரம். சாயலாகப் பார்க்கும்போது அது நம்மைத் தன்னிடம் நிறுத்தாமல், தான் யாருடைய சாயலோ அவரிடம் அனுப்பிவைக்கிறது. அப்படி அனுப்புவதுதான் ஞாபகம்.

இந்த வேறுபாடு நமக்கு மிகவும் உதவும். ஒரே படத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். "எவ்வளவு வடிவான படம்!" என்பது ஒரு விதம். "மணி இப்படித்தான் கிடக்கும்" என்பது மற்ற விதம். முன்னது படத்தை மெச்சுகிறது. பின்னது மணியிடம் போகிறது.

புனித அகுஸ்தீனார் தமது 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் ஞாபகத்தைப் பெரிய மண்டபங்களுக்கு ஒப்பிடுகிறார். அங்கேயே இன்னொன்றும் சொல்கிறார். விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஞாபகம் உண்டு. இல்லாவிட்டால் அவை தம் குகைகளையும் கூடுகளையும் எப்படித் தேடி வரும் என்று கேட்கிறார். சிந்தித்துப் பாருங்கள். நாம் நாயை நினைக்கிறோம் என்று பேசுகிறோம். நாயும் நம்மை நினைத்திருக்கிறது. படலையில் உங்கள் சைக்கிள் சத்தத்தை வேறு நூறு சத்தங்களிலிருந்து பிரித்தறிந்தது அந்த நினைவுதான். அதனிடம் உங்கள் படம் இல்லை. உங்கள் வாசனையும் காலடிச் சத்தமும் இருந்தன.

புகைப்படம் எடுக்கும் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆரம்பத்தில் ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் எடுத்தன. மனிதர் தலையைத் தாங்கியிற் கொடுத்து அசையாமல் இருந்தார்கள். நாய்க்கு அசையாதே என்று சொல்ல முடியுமா? அதனால் அக்காலக் குடும்பப் படங்களில் மனிதர் தெளிவாகவும், காலடியில் நாய் புகைபோல மங்கலாகவும் விழுந்திருப்பதைக் காணலாம். தெளிவாக விழுந்த நாய்கள் பெரும்பாலும் நித்திரையில் இருந்தவை. அந்த மங்கலும் ஓர் உண்மையே. "இங்கே உயிருள்ள ஒன்று இருந்தது, அது அசைந்தது" என்று அது சொல்கிறது.

எந்தப் படமும் முழுவதையும் காப்பதில்லை. மணியின் மணமும், மழைக்கு முன் அது முனகும் விதமும் படத்தில் இல்லை. படம் ஒரு வாசல் மட்டுமே. உள்ளே போய் மிச்சத்தைத் தேடுவது நம் வேலை.

இந்த நாட்டிலா?

இனி, என் உள்ளத்தை மிகவும் உறுத்திய மறுப்புக்கு வருகிறேன். அயல்வீட்டுப் பெண்ணின் சிரிப்பைவிட இது பாரமானது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் இருந்து தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியிலும் மார்பிலும் வைத்திருந்தார்கள். சிலரிடம் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் ஒன்றே. அதையே பெருப்பித்துப் பிடித்திருந்தார்கள். அந்தத் தாய்மாரிற் பலர், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். 1995இன் இடப்பெயர்விலும், 2004 மார்கழிக் கடற்கோளிலும், 2009இலும் ஒரு படம்கூட மிஞ்சாமற் போன குடும்பங்கள் நம் பங்குகள் எங்கும் உண்டு. மகனின் முகம் கனவில் மட்டுமே வருகிறது என்று சொல்லும் தாய்மாருக்கு மத்தியில் நின்று, நாயின் படத்தைப் பற்றிப் பேசுவது தகுமா?

திருச்சபையின் போதனை இங்கே தெளிவாக இருக்கிறது. 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு, விலங்குகளை அன்பு செய்யலாம் என்கிறது; அவற்றைக் காரணமின்றி வதைப்பது மனித மாண்புக்கு முரண் என்கிறது; அதேவேளை, மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் திருப்பலாகாது என்றும், மனிதரின் துயர் துடைக்க முதலிற் போகவேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடலாகாது என்றும் எச்சரிக்கிறது. அன்புக்கு ஒழுங்கு வேண்டும் என்பதே இதன் சாரம். நாய்க்குப் பளிங்குக் கல்லறை கட்டிவிட்டு, வேலைக்கு வரும் பிள்ளைக்குப் பழைய சோறு கொடுக்கும் வீடு ஒழுங்கு கெட்ட வீடு.

ஆனால் ஒழுங்கு என்றால், கீழே இருப்பதை வெட்டியெறிவது என்று பொருளா? இதற்கு விடை தேடியபோது சாமுவேலின் இரண்டாம் நூல் ஞாபகம் வந்தது. தாவீதரசன் ஒருவனின் மனைவியை அபகரித்து, அவனைப் போர்முனையில் சாகும்படி செய்தான். அவன் மனம் இறுகிக் கிடந்தது. நாத்தான் இறைவாக்கினர் அவனிடம் வந்து என்ன சொன்னார்? கொலையைப் பற்றி எடுத்தவுடன் பேசவில்லை. ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். அந்த ஏழைக்கு இருந்தது ஒரேயொரு குட்டி. அவன் உண்பதில் அது உண்டது. அவன் பாத்திரத்திலிருந்து குடித்தது. அவன் மடியில் உறங்கியது. அவனுக்கு அது ஒரு மகளைப் போல இருந்தது. பக்கத்துச் செல்வந்தன் தன் மந்தையை விட்டுவிட்டு அந்தக் குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்தான். கேட்ட அரசன் கொதித்தெழுந்தான். "அந்த மனிதன் நீயே" என்ற சொல் அதன் பிறகே வந்தது.

வாசகரே, இந்தக் கதையில் அந்த ஏழையைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை. ஆட்டுக்குட்டியை மகளைப்போல வளர்த்தான் என்று இறைவாக்கினர் அவனைக் கண்டிக்கவில்லை. கொல்லப்பட்ட மனிதனுக்காக அசையாத அரசனின் நெஞ்சு, ஓர் ஏழையின் செல்லப்பிராணிக்காக அசைந்தது. அந்த அசைவைப் பிடித்துக்கொண்டுதான் நாத்தான் அவனைப் பெரிய நீதிக்கு இழுத்துச் சென்றார். புனித தோமா அக்குவினாரும் இதையொட்டிப் பேசுகிறார்: விலங்குகள்மேல் இரக்கம் காட்டிப் பழகியவன் மனிதர்மேல் இரக்கம் கொள்ளவும் ஆயத்தமாகிறான்.

ஆகவே, சிறிய துக்கம் பெரிய துக்கத்துக்கு எதிரியாக இருக்கவேண்டியதில்லை. எதிரியாக இருப்பது மரத்துப்போன மனம். 1948இல் ஹச்சிக்கோவுக்குச் சிலை வைத்த மக்கள் தம் பிள்ளைகளை மறந்தவர்களா? பறிகொடுத்தவர்களுக்குத்தான் காத்திருத்தல் என்றால் என்னவென்று தெரியும்.

ஒரு கயிற்றுத் துண்டு

இதுவரை நூல்களைக் கொண்டு பேசினேன். இப்போது ஒன்றைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு உரிமையில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. பேர் வீரன். கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் எல்லோரும் வெளியேற வேண்டுமென ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மழை. அப்பா சைக்கிளில் அப்பாச்சியை இருத்தித் தள்ளினார். ஒழுங்கை முகப்பு வரை வீரன் எங்களோடு வந்தது. பெருந்தெருவில் காலுக்கு இடமில்லை. சனத்தின் கால்களுக்குள் அது மிதிபட்டுக் கத்தியது. "இதைக் கொண்டுபோய் வளவுக்குள்ளை விட்டிட்டு ஓடி வா தம்பி" என்றார் அப்பா.

கொண்டுபோய் விட்டேன். ஆனால் அது வேலி பாய்ந்து வரும் என்று எனக்குத் தெரியும். குசினிக்குப் பின்னால் நின்ற தேசிமரத்தில் கயிற்றாற் கட்டினேன். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தேன். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடுவோம் என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். கட்டியதை நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால், தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தது 1996இல், ஆறு மாதம் கழித்து. தேசிமரத்தில் ஒரு முழக் கயிறு தொங்கியது. அதன் நுனி கடித்து அறுந்ததா, யாராவது இரங்கி வெட்டிவிட்டார்களா, மழையில் உக்கி அறுந்ததா என்று பார்த்துப் பார்த்தும் என்னால் அறிய முடியவில்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இத்தாலியின் பொம்பேயி நகரத்து நாயைப் பற்றிக் குருமடத்தில் வாசித்தபோது என்னால் அன்று மேற்கொண்டு படிக்க முடியவில்லை. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலைச் சாம்பல் அந்த நகரத்தை மூடியது. உடல்கள் உக்கிப்போக, இறுகிய சாம்பலுக்குள் அவற்றின் வடிவம் குழியாக நின்றது. அந்தக் குழிக்குள் சாந்தை ஊற்றி உருவம் எடுக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டார்கள். 1874இல் ஒரு வீட்டில் நாயின் உருவம் கிடைத்தது. முதுகு வளைந்து, கால்கள் மேலே முறுக்குண்டு, கழுத்தில் பட்டியோடு. அது கட்டப்பட்டிருந்தது. வீட்டார் போய்விட்டார்கள். எவரும் எடுக்காத படம் அது. பதினெட்டு நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்து சாட்சி சொல்ல வந்தது.

வீரனின் படம் எங்களிடம் ஒன்றே ஒன்று. தங்கச்சியின் புதுநன்மைக்கு வீட்டு முற்றத்தில் எடுத்த குடும்பப் படம். ஓரத்தில் வீரன் பாதி நிற்கிறது. முகமும் வெள்ளை நெஞ்சும் விழுந்திருக்கின்றன, மிச்சம் இல்லை. படப்பிடிப்புக்காரர் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு நன்றாக எடுத்துத் தருவதாகச் சொன்னார். அம்மாதான் மறித்தார்: "அதுவும் வீட்டிலை ஒரு ஆள்தானே, நிக்கட்டும்." இடப்பெயர்விலே அந்தப் படம் உறுதிகளோடும் ஞானஸ்நானப் பத்திரங்களோடும் ஒரே பையில் வந்து தப்பியது.

அந்தப் படம் என்னைக் குற்றம் சாட்டுவதில்லை, மன்னிப்பதுமில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு என்னாற் பொய் சொல்ல முடிவதில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் படத்தின் முன்னால்தான் அம்மாவிடம் தேசிமரத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தண்ணி வைச்சனியே?" என்று மட்டும் கேட்டார்.

ஞாபகத்தைக் காப்பது இனிமைக்காக மட்டும் என்று நினைக்கிறோம். உண்மைக்காகவும் காக்கவேண்டியிருக்கிறது. நாம் அன்பு செய்ததையும், அன்பு செய்யத் தவறியதையும் சேர்த்தே நல்ல ஞாபகம் வைத்திருக்கும்.

எப்படி எடுப்பது?

படம் எடுக்கலாம் என்றால் எப்படி எடுப்பது? நான் கமரா வல்லுநன் அல்லன். ஆனாலும் கைத்தொலைபேசி எல்லோர் கையிலும் இருப்பதால் சில வார்த்தைகள்.

முதலாவது, குனியுங்கள். நாம் நின்றபடி எடுக்கும் படத்தில் நாயின் முதுகும் பூனையின் உச்சியுமே விழும். எலியட் எர்விட் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் நாய்களைப் படம் எடுத்துப் பெயர் பெற்றவர். 1974இல் நியூயோர்க்கில் அவர் எடுத்த படமொன்று உலகறிந்தது. கமரா நிலமட்டத்தில் இருக்கிறது. ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள் இரண்டு, ஒரு பெண்ணின் சப்பாத்துக் கால்கள் இரண்டு, பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு குட்டி நாய். முழுதாகத் தெரிவது அந்தச் சின்னது மட்டுமே. உலகம் அதன் உயரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று அந்தப் படம் காட்டிவிடுகிறது. சிறியவனின் உயரத்துக்கு இறங்கிப் பார்ப்பது கமராவுக்கு மட்டும் உரிய பாடமல்ல.

இரண்டாவது, அதற்கு உரிய இடத்தில், அதற்கு உரிய வேலையில் எடுங்கள். பூனை மதிலில்; ஆடு பலாவிலை கடிக்கையில்; கிளி தாத்தாவின் தோளில்; நாய் படலையடியில் காத்திருக்கையில். அதைத் தடவும் கையும் படத்தில் இருக்கட்டும். இன்னொரு காலத்தில் அந்தக் கையையும் நீங்கள் தேடுவீர்கள். நரை விழுந்த மூஞ்சியையும், கண்ணில் பூ விழுந்ததையும் மறைக்காமல் எடுங்கள். குட்டியாக இருந்தபோது நூறு படம் எடுத்தவர்கள், அது கிழடானதும் ஒன்றும் எடுப்பதில்லை.

மூன்றாவது, வெளிச்சம். காலை இளவெயில், அல்லது விறாந்தை ஓரத்து நிழல் வெளிச்சம் நல்லது. கறுப்பு நாயை இருட்டு மூலையில் எடுத்தால் முகம் கரிக்கட்டியாகிவிடும். மின்வெட்டொளி வேண்டாம். நாய் பூனைகளின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. அதனால் கண் நெருப்புப்போல எரியும். திடீர் வெளிச்சம் அவற்றை வெருட்டவும் செய்யும்.

நான்காவது, பொறுமை. நாய் அடிக்கடி கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பினால், காதைப் பின்னுக்கு மடித்தால், அதற்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்று பொருள். கமராவைக் கீழே வையுங்கள். வில்லியம் வெக்மன் என்ற கலைஞர் 1970 தொடக்கம் தம் நாயைப் படம் எடுத்தார். 1982இல் அது இறக்கும்வரை இருவரும் கூட்டாளிகளாக வேலை செய்தார்கள். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் வந்த படங்கள் அவை.

ஐந்தாவது, பாதுகாப்பு. தொலைபேசியில் கிடக்கும் ஆயிரம் படம் ஒரு நாள் ஒரு குலுக்கலில் போய்விடும். நல்லதில் நாலைந்தைத் தாளில் அச்சிடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், ஆண்டு, இடம், எடுத்தவர் யார் என்று எழுதுங்கள். பசைத்தாள் அல்பங்களில் ஒட்டினால் படம் பழுதாகும். தாள் உறைகளில் வையுங்கள். நம் மண்ணில் கறையானும் பூஞ்சணமும் படத்துக்கு எமன். ஈரச் சுவருக்கும் நிலத்துக்கும் எட்ட வையுங்கள். பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறையில் யாருடையதோ நாய் ஆகிவிடும். கோவிவனை நாம் இன்றும் அறிவது, கல்லில் பெயரையும் வெட்டியதால் அல்லவா?

படத்தின் பின்னால்

ஒரு எச்சரிக்கை. படம் மெச்சுதலுக்காக எடுக்கப்படும்போது, மிருகம் பொம்மையாகிவிடுகிறது. சட்டை மாட்டி, கண்ணாடி போட்டு, அது திணறுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். தாய்லாந்தின் உல்லாசப் பயணக் கரைகளில், படத்துக்கு நிற்க வைப்பதற்காகத் தேவாங்குகளின் பற்களை வெட்டி, கூசும் பகல் வெளிச்சத்தில் கையில் கொடுக்கிறார்கள். அந்தப் படத்தில் பயணி சிரிக்கிறார். தேவாங்கின் வலி படத்தில் விழுவதில்லை.

வெளிநாடு வேண்டாம், நம் ஆலய வளவுக்கு வாருங்கள். மாதத்தில் ஒரு தடவையாவது விடியற்காலையில் மதிலோரம் ஒரு காட்போட் பெட்டி இருக்கும். உள்ளே கண் திறக்காத குட்டிகள். பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். ஆலயத்தில் விட்டால் பாவமில்லை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தாய் நாயின் படம் அந்த வீட்டுத் தொலைபேசியில் எத்தனை இருக்குமோ! மிருகவதைத் தடுப்புச் சட்டம் இந்நாட்டில் 1907இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்து நூறு ஆண்டு கடந்தும், பெட்டி வருவது நிற்கவில்லை. ஒரு நாயின் படத்தைச் சட்டம் போட்டு வைக்கும் கை, அதன் குட்டிகளை மழையில் வைக்குமானால், அந்தப் படம் யாருடைய சாயல்? நம்முடைய சாயல் மட்டுமே.

இனி அந்த அம்மாவுக்கு என் விடை.

அம்மா, படத்தைக் கொழுவுங்கள். ஆனால் ஐயாவின் படத்துக்கு நேர் கீழே வேண்டாம். அது அயலார் சிரிப்பார்கள் என்பதற்காக அல்ல. ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் இருப்பதுதான் அன்பின் ஒழுங்கு. ஐயா விறாந்தையின் நடுவில் இருக்கட்டும். மணி எங்கே கிடந்தது? குசினி வாசற்படியில். அந்தப் படியின் பக்கத்துச் சுவரில், உங்கள் கதிரையிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில், ஆணியை அடிப்பியுங்கள். ஐயாவின் படத்துக்கு முன்னால் செபியுங்கள். மணியின் படத்துக்கு முன்னால், அதைத் தந்தவருக்கு நன்றி சொல்லுங்கள். தோபித்து நூலில், தோபியா தூரப் பயணம் போனபோது வானதூதரோடு ஒரு நாயும் கூடப் போயிற்று என்று எழுதப்பட்டிருக்கிறது. அது அங்கே ஏன் என்று அறிஞர்கள் பலவிதமாகச் சொல்வார்கள். தனியே இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

படத்தின் பின்னால் பெயரை எழுத மறக்கவேண்டாம். இன்னொன்று. மணி குடித்த பேணி இன்னும் கிணற்றடியிலேயே இருப்பதைக் கண்டேன். அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, படலைக்கு வெளியே வைத்துவிடுங்கள். எங்கள் தெருக்களில் கட்டறுத்து வந்தவை பல அலைகின்றன.